ஆறு பதில்கள்

கறுப்பு ஒயரின் நுனியில் தொங்கிய, கூண்டுகளை ஒலியால் கூப்பிடுகிற ஒலித்தலையை வெர்னா சூரெட் படகின் ஓரமாகக் குனிந்து தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தாள். கை வேலை பார்க்க, வாய் அதுபாட்டுக்கு வைதுகொண்டிருந்தது. கூண்டு விற்ற கம்பெனிக்காரன் காலையில் போனில் சொன்னது அப்படி. "கூப்பிடுற கருவியிலதான் கோளாறு இருக்கும் மேடம். துறையிலயே வச்சு, கையிருப்புல இருக்கிற கூண்டு ஒண்ணை அடியில இறக்கிக் கூப்பிட்டுப் பாருங்க. பதில் வந்தா கருவி நல்லா இருக்குன்னு அர்த்தம்." மேடமாம் மேடம்! முப்பது வருஷமாக இந்தக் கடலில் சிங்கி இறால் பிடிக்கிறவளுக்கு, கடலையே பார்த்திராத பயல் பாடம் நடத்துகிறான். அவள் புருஷன் லுட்ஜர் பேசாமல் கையிருப்புக் கூண்டைக் கயிற்றில் கட்டி அடியில் இறக்கினான். அவனுக்குப் பேச்சு எப்போதுமே கம்மி. அதுவும் நல்லதுக்குத்தான், அந்த வீட்டுக்கு ஒரு வாய் போதும்.

ஏப்ரல் கடைசியில் திமிங்கலங்கள் வந்துவிட்டால் நோவா ஸ்கோஷியாவின் இந்தத் தென்முனையில் பாதிக் கடலை மீன்பிடிக்க விடாமல் மூடிவிடுவார்கள். கூண்டையும் மிதவையையும் இணைக்கிற கயிற்றில் சிக்கி அவை செத்துப்போகின்றனவாம். கயிறு தொங்காத கூண்டுக்கு மட்டும் அனுமதி, அதுவும் சோதனைக்கு. கூண்டு அடியில் கிடக்கும், மேலே ஒன்றும் தெரியாது. படகிலிருந்து தண்ணீருக்குள் ஒலியாக அழைப்பு அனுப்பினால் அதுவும் கீச்சுக்கீச்சென்று பதில் சொல்லும். அந்தக் கீச்சு திரையில் எழுத்தாகும்: என் எண் இது, இத்தனை மீட்டர் தூரத்தில் கிடக்கிறேன், பாட்டரி இவ்வளவு. 'மேலே வா' என்று அனுப்பினால் தாழ்ப்பாள் திறந்து, உள்ளே சுருட்டி வைத்த கயிறோடு மிதவை எழும்பி வரும். துறையில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. "என்ன வெர்னா, இன்னைக்கு இறாலுக்கு போன் போட்டியா? எடுத்துச்சா, இல்ல பிஸியா?"

முப்பது கூண்டில் ஐந்து இரண்டு வாரமாகப் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மீன்வளத் துறை ஆபீசர் வருகிறார். ஐந்து தொலைந்தது உண்மை என்றால் அனுமதி போச்சு. திமிங்கலமோ வருஷத்துக்கு வருஷம் முன்னாலேயே வருகிறது. அனுமதி போனால் பாதி சீசனுக்கு வெர்னாவின் படகு துறையிலேயே கட்டிக் கிடக்க வேண்டியதுதான். கட்டிக் கிடக்கிற படகை விற்பதைத் தவிர வேறு என்ன செய்ய?

யாரோ கொக்கி போட்டு இழுத்துத் திருடியிருக்கிறார்கள் என்று முதலிலிருந்தே அவளுக்குச் சந்தேகம். அதே துறையில் படகு கட்டுகிற ஹாலிஸ் வேலைதான் என்று முடிவும் கட்டிவிட்டாள். சிரித்தவர்களில் உரக்கச் சிரித்தவன் அவன். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் கூடத்தில், எல்லோரும் ராப்பி பை என்கிற உருளைக்கிழங்குப் பண்டத்தைத் தின்றுகொண்டிருக்கும்போது, அவன் பெண்டாட்டி எதிரிலேயே "திருட்டுப் பயலே" என்று கேட்டுவிட்டாள். ஹாலிஸ் முகம் செத்துப்போயிற்று. "என் பிள்ளைங்க மேல சத்தியம், நான் தொடல" என்றான். வெர்னாவின் தம்பி ஆல்பன் பாய்ந்து அவன் காலரைப் பிடித்தான். நாலு பேர் சேர்ந்துதான் விலக்கிவிட முடிந்தது. தனக்காக நிற்க ஒரு தம்பியாவது இருக்கிறானே என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதாள் வெர்னா.

"இறங்கியாச்சு" என்றான் லுட்ஜர்.

வெர்னா திரையில் 'யார் இருக்கிறீர்கள்' பொத்தானை அழுத்தினாள். ஒரு பதில் வரவேண்டும். வந்தது, முப்பத்தொன்று. கையிருப்பின் எண். கருவி நன்றாகத்தான் இருக்கிறது, ஆக நிஜமாகவே தொலைந்துதான் போய்விட்டன என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வரி விழுந்தது. ஏழு. பிறகு பன்னிரண்டு. பதின்மூன்று. இருபத்தொன்று. இருபத்தெட்டு. ஐந்துக்கும் பக்கத்தில் தூரம்: பதினாலு, பதினைந்து மீட்டர்.

"எதிரொலியா இருக்கும்டி" என்றான் லுட்ஜர்.

"எதிரொலி வேற வேற நம்பரா சொல்லும்? யோவ், இது காணாமப்போன அஞ்சும்யா!"

 பத்து மைல் தள்ளிப் போட்ட கூண்டுகள் துறைக்குள் எப்படி வந்தன? ஒலித்தலையைத் தூக்கிக்கொண்டு படகின் பின்பக்கம் போய் இறக்கினாள். இருபத்திரண்டு மீட்டர். முன்பக்கம் ஓடினாள். ஆறு மீட்டர். இந்தத் துறையில் தண்ணீரின் ஆழமே ஐந்துதான். அப்படியானால் கிட்டத்தட்ட நேர் கீழே. தலையை நிமிர்த்தினாள். முன்னால் கட்டியிருந்தது ஆல்பனின் படகு. அவன் மேல்தளத்தில் உட்கார்ந்து மிதவைகளுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

அடி ஆத்தே! தம்பியா எடுத்தான்? இல்லை, யாரோ அவன் படகுக்கடியில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள், அவன்மேல் பழி விழட்டும் என்று. அந்த நினைப்பை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்போது ஆல்பன் ஏறிட்டுப் பார்த்தான்.

"என்னக்கா, யாருக்கு போன்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவள் கையிலிருந்த ஒயர் தன் படகை ஒட்டித் தண்ணீருக்குள் போவதைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பிரஷ்ஷை டப்பாவில் வைக்கப் போய், டப்பாவுக்கு வெளியே வைத்தான். அதைப் பார்த்ததும் வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது. கயிறு போட்டே வளர்ந்தவன், மிதவை இல்லாவிட்டால் கூண்டு ஊமை என்று நினைத்துவிட்டான். அடியில் போட்டால் ஒளித்தாகிவிட்டது என்று அவன் கணக்கு.

 அவள் திரையில் ஏழாம் எண்ணை அழுத்தி, 'மேலே வா' கொடுத்தாள்.

இரண்டு படகுக்கும் நடுவே ஆரஞ்சு மிதவை பொத்தென்று மேலே வந்து ஆடியது. அதில் பட்டை எழுத்தில் அவள் பெயர். துறைமேடையில் காப்பியோடு நின்ற நாலைந்து பேர் திரும்பினார்கள். அதில் ஹாலிஸும் இருந்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"உடைக்கலக்கா" என்றான் ஆல்பன். குரல் சின்னப் பிள்ளையுடையதுபோல் வந்தது. "ஒண்ணைக்கூட உடைக்கல. சீசன் முடிஞ்சதும் உன் கொட்டகைல வச்சிடலாம்னு இருந்தேன்."

"ஏண்டா?"

"உன்னோட இந்தக் கூண்டு சரியா ஓடிச்சுன்னா எல்லாரும் இதையே வாங்கணும்னு சட்டம் போட்டுருவாங்க. நீ வாங்கிடுவ. நான் எதை வித்து வாங்க?"

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? அந்த மனுஷன் காலரைப் பிடிச்சியேடா பாவி! பெத்த பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணினானேடா!"  லுட்ஜர் அவள் முழங்கையைப் பிடித்தான். 

ஆல்பன் எழுந்து வந்தான். கொக்கிக்கழியை எடுத்து மிதவையைப் பிடித்து, கயிற்றைக் கையாலேயே இழுத்தான். கூண்டு சேறு வழிய மேலே வந்து ஓரக்கட்டையில் உட்கார்ந்தது. உள்ளே மூன்று இறால்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் பழக்கதோஷத்தில் இடுப்பிலிருந்த பித்தளை அளவுகோலை உருவி ஒவ்வொன்றாக அளந்தான். முதலாவது சின்னது, தண்ணீரில் விட்டான். இரண்டாவது அளவுக்குச் சரி. அதன் கொடுக்குகளுக்கு ரப்பர் பட்டை மாட்டி, எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு எட்டி வெர்னாவின் படகில் அவள் காலடியில் வைத்தான்.

மூன்றாவதைத் திருப்பினான். வயிறு முழுக்கக் கரும்பச்சைச் சினை. சினை இறாலை எறியக்கூடாது, இறக்கி விடவேண்டும். அவன் மண்டியிட்டு, இடுப்புவரை வெளியே சாய்ந்து, இரண்டு கையாலும் அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோனான். அது வாலை அடித்துக்கொண்டு கீழே போயிற்று. மேடையில் ஹாலிஸ் காப்பியைக் கீழே ஊற்றிவிட்டு நடந்துபோகிற சத்தம் கேட்டது. ஆல்பன் எழுந்திருக்கவில்லை. அந்தக் குளிர்ந்த தண்ணீருக்குள் அவன் இரண்டு கைகளும் விரித்தபடியே இருந்தன.