வக்கீலின் இதயம்

போன் அலறியபோது அவர் லேத் பட்டறையில் ஒரு பித்தளை உருளையைக் கடைந்துகொண்டிருந்தார். திரை முழுக்கச் சிவப்பு. வக்கீலின் இதயம் தறிகெட்டு அடிக்கிறது. மெஷினை அணைத்துவிட்டு, முதலாளியிடம் சொல்லியும் சொல்லாமலும் வண்டியைக் கிளப்பினார்.

வக்கீல் அவர்கள் வீட்டு நாய். யார் எதைச் சொன்னாலும் எதிர்த்துக் குரைக்கும் என்பதால் மகள் வைத்த பெயர். அவள் கல்யாணமாகிப் போனபின் அந்த வீட்டில் வாதாட அது ஒன்றுதான் மிச்சம். போன மழைக்காலத்தில் அதற்கு மூச்சு வாங்கியபோது, இதயம் பெருத்திருக்கிறது, ஓடவிடாதீர்கள் என்றார் நாய் டாக்டர். மகள் உடனே ஒரு கழுத்துப்பட்டையை அனுப்பிவைத்தாள். நாயின் துடிப்பு, மூச்சு, தூக்கம் எல்லாம் போனில் வந்துவிடும். அன்றிலிருந்து சாப்பிடும்போதுகூட அவருக்கு ஒரு கண் போனில்தான். நாய் ஏறிவிடக் கூடாதென்று மாடிப்படியைப் பலகை வைத்து அடைத்தார்.

அவர் மனைவிக்கு அந்தப் பட்டையைக் கண்டாலே ஆகாது. ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். திரையில் கோடு ஏறுவதையும் இறங்குவதையும் நாளெல்லாம் பார்த்துவிட்டு வருகிறவள். "வீட்லயும் ஒரு வார்டு தொறக்கணுமா?" என்று ஒருமுறை கேட்டாள். உனக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு இருவருக்கும் நடுவே பேச்சென்று இருந்தது நாய்க்கு மருந்து கொடுத்தாயிற்றா என்பது மட்டும்தான்.

வழியில் சிக்னலில் நின்றபோதெல்லாம் போனை எடுத்துப் பார்த்தார். ஆளில்லாத வீட்டில் அது தனியாகக் கிடந்து என்ன பாடு படுகிறதோ. வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு உள்ளே ஓடியவர், வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்த சத்தம் கேட்டு நின்றார். யாரோ சிரிக்கிறார்கள்.

மனைவி அன்று சீக்கிரமே வேலை முடிந்து வந்திருந்தாள். சீருடைகூட மாற்றாமல், வெறுங்காலோடு, ஈரத் துண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மறுமுனை வக்கீலின் வாயில். காதுகள் பறக்க, உறுமிக்கொண்டே இழுத்தது. அவள் இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அவருக்கு நினைவில்லை.

அவரைக் கண்டதும் துண்டை விட்டுவிட்டு, மூச்சிரைக்கச் சுவரில் சாய்ந்தாள்.

"அதுவாத்தான் கொண்டுவந்து என் மடியில போட்டுச்சு. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க வேணா சொல்லிப் பாருங்க."

"ஏதாவது ஆயிட்டா?"

"ஆகத்தான் போகுது. எனக்குத் தெரியாதா?" என்று புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வக்கீல் துண்டை இழுத்துவந்து அவர் காலடியில் போட்டது. முன்னங்கால்களைத் தாழ்த்தி, வாலை ஆட்டி, அவர் முகத்தையே பார்த்தது. அவர் குனிந்து ஒரு முனையை எடுத்தார். மறுமுனையை அது கவ்விக்கொண்டது. சட்டைப்பையில் போன் விடாமல் அதிர்ந்தது. இருவருக்கும் நடுவே தொய்ந்து கிடந்த துண்டிலிருந்து மண்ணில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.