கூலியில்லாமல் கட்டிய அடுப்படி

எங்கள் ஊரில் வீட்டு வேலை தொடங்குகிறவன் முதலில் செங்கல்லை எண்ணுவதில்லை, பக்கத்து வீட்டு ஆண்களைத்தான் எண்ணுவான். ஒருவர் வீட்டு வேலைக்கு மற்றவர்கள் கூலியில்லாமல் வந்து நிற்பதற்கு இங்கே சம்பத்தான் என்று பெயர். மார்ஜோனோவும் அப்படித்தான் எண்ணினான்.

மார்ஜோனோ வட்டார அலுவலகத்தில் நிலப் பதிவு பார்க்கிறவன். எங்கள் தெருவில் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகக் கணக்குப் போடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் மனைவி ருமியாதி பேயெக் பொரித்து விற்கிறவள். அரிசிமாவைக் கரைத்து, வேர்க்கடலையைத் தூவி, சட்டியின் ஓரத்தில் ஊற்றி அவள் பொரித்தெடுத்தால் காகிதம் மாதிரி மெலிசாக இருக்கும், கடித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். நகரத்துப் பலகாரக் கடை ஒன்று நோன்பு மாதம் முழுவதும் அவளிடம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஆனால் கரி படிந்த மூங்கில் தட்டி அடுப்படிக்குள் பொரித்ததை அவர்கள் விற்க மாட்டார்களாம். நோன்பு பிறப்பதற்குள் கடைக்காரம்மா நேரில் வந்து பார்ப்பாள். சுவர் துடைக்கிற மாதிரியும் தரை கழுவுகிற மாதிரியும் இருக்க வேண்டும். பேயெக் விற்றுச் சேர்த்த பணம் முழுவதையும் ருமியாதி புது அடுப்படிக்கென்று எடுத்து வைத்தாள். அது போனால் கடையும் போச்சு.

மார்ஜோனோ செலவுக் கணக்கைத் தயார் செய்தான். கொத்தனார் பொனிரன் கையை அகல விரித்து, "கிரா-கிரா இவ்வளவு" என்பார். ஏறக்குறைய என்று அர்த்தம். அவர் வாயில் வேறு அளவே வராது. மார்ஜோனோ அந்த ஏறக்குறையை இரண்டு தசமம் வரை தட்டி, அச்செடுத்து, கிழியாமல் இருக்க பிளாஸ்டிக் உறையும் போட்டுவிட்டான். கணக்கும் மாறக்கூடியது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, பாவம்.

ருமியாதி அதை வரி வரியாகப் படித்தாள். புருஷனை அவள் மாஸ் என்றுதான் கூப்பிடுவாள். "கூலிக்கு நேரா ஒண்ணுமே இல்லியே, மாஸ்?"

"இந்தத் தெருவுல யார் வீட்டுக்கு நான் ஓடு தூக்கல? சம்பத்தான்னு சொன்னா ஆள் தானா வந்து நிக்கும். அதுக்குப் போய்க் கூலி எழுதுனா பாக்கறவன் சிரிப்பான்."

"வர்றவங்களுக்குச் சாப்பாடு?"

"கடைசியில பாரு. டீ, காபி, இதர."

அந்த இதரவுக்கு அவன் போட்டிருந்த தொகையில் பள்ளிவாசல் கமிட்டியை ஒரு சாயங்காலம் உட்கார வைத்து உபசரிக்க முடியாது.

முதல் ஞாயிற்றுக்கிழமை தெருவே வந்துவிட்டது. ஏழெட்டுப் பேருக்கு வேலை இருந்தது. மற்றவர்கள் மேற்பார்வை பார்த்தார்கள். பழைய தட்டியைப் பிரித்துப் போடுவதற்கு ஆன நேரத்தைவிட அதற்குப் பிறகு டீ குடிக்க ஆன நேரம் அதிகம். சம்பத்தானில் கூலி என்று யாராவது வாயைத் திறந்தால் அது அவமானம். ஆனால் காலையில் பொரித்த சோயா தெம்பேயும் சர்க்கரை டீயும், கொஞ்சம் கழித்து இலையில் வேகவைத்த பலகாரம், மத்தியானம் கோழியோடு சோறு, சாயங்காலம் மறுபடி டீ, வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு பொட்டலம் என்று எல்லாம் வந்தாக வேண்டும். சிகரெட் முந்தின வீட்டில் கொடுத்ததைவிட மட்டமாக இருக்கக் கூடாது. முந்தின வீடு தெருத் தலைவர் பாக் ஹர்சோவின் வீடு. அவர் உசத்தியான கிராம்பு சிகரெட்டைத் தட்டில் பரப்பி வைத்திருந்தார். மார்ஜோனோவும் அதையேதான் வாங்கினான். பெண்கள் நாங்கள் ஆளுக்கொரு கத்தியோடு சமையலுக்குப் போனோம், எங்கள் பிள்ளைகள் எங்களோடு வந்தார்கள், பிள்ளைகளோடு பசியும் வந்தது. இருப்பில் இருந்த பேயெக் டின்கள் அன்றைக்கே காலி.

இரண்டாம் ஞாயிறு மழை கொட்டியது. முன்பக்கம் ஒதுங்க இடமில்லாமல் எல்லோரும் வீட்டுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஈரத் தலையைத் துடைத்தபடி பாக் ஹர்சோ சொன்னார்:

"அடுப்படி கட்ட வர்றவங்க உக்கார ஒரு இடம் வேணாமா, ஜோன்? முன்னாடி ஒரு வராந்தா இழுத்துரு. ஆள்தான் இருக்கோமே."

பொனிரனும் ஆமோதித்தார். ஆள் ஓசி, கொஞ்சம் சிமெண்ட் மட்டும் வாங்கிப் போட்டால் போதும், கிரா-கிரா இவ்வளவு என்று கையை விரித்தார். அடுப்படி கட்ட வந்தவர்கள் உட்கார்ந்து டீ குடிப்பதற்காக ஒரு வராந்தா எழும்பத் தொடங்கியது. வராந்தா வந்த பிறகு அதற்கு முன்னால் திராட்சைக் குலை வைத்த இரண்டு தடித் தூண்கள் இல்லாவிட்டால் மொட்டையாகத் தெரியும் என்று இன்னொருவர் சொன்னார். அரசாங்க உத்தியோகஸ்தன் வீடல்லவா! மார்ஜோனோவின் நெஞ்சு நிமிர்ந்தது. பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் புதிய கணக்கை வைத்தான். அதில் அடுப்படி டைல்ஸ் இருந்த இடத்தில் 'இரண்டாம் கட்டம்' என்று எழுதியிருந்தது.

ருமியாதி அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய் முருங்கைக்கீரை ஆய்ந்தாள். அவள் பேசாமல் கீரை ஆய்ந்தால் நாங்கள் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவோம்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஒரு தூண் எழுந்து நின்றது. அடுப்படிக்கு நான்கு சுவரும் கூரையும் வந்துவிட்டன, ஆனால் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது, தரை வெறும் மண். நோன்பு நெருங்கிவிட்டது. வருகிறவர்களை இனி வர வேண்டாம் என்று சொல்லும்படி ருமியாதி கேட்டாள்.

"உதவிக்கு வர்றவன வராதேன்னு எப்படிச் சொல்றது? நாளைக்கு நான் செத்தா யாரு தூக்குவா?"

"அதுவரைக்கும் நாம சாப்பிடணுமே, மாஸ்."

அவன் பயம் பொய்யில்லை என்று எனக்கும் தெரியும். ஊரைப் பகைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் யாரும் நல்லபடியாக வாழ்ந்ததில்லை.

மறுநாள் ருமியாதி கூண்டில் மிச்சமிருந்த சேவல்களைப் பிடித்தாள். துஆ ஓதுகிற மோதினிடம் போய், வீட்டு வேலை நல்லபடியாக முடிந்தது, வியாழக்கிழமை ஸ்லாமெத்தான் விருந்து என்று சொல்லிவிட்டு வந்தாள். எங்கும் பூச்சு வேலைகூட முடியவில்லையே என்று மார்ஜோனோ பதறினான். எப்படிக் கெஞ்சியும் அவள் அசையவில்லை. கூம்பாகக் குவித்த மஞ்சள் சோறு, முழுக்கோழி, அவித்த முட்டை என்று குறை வைக்காமல் செய்தாள்.

மோதின் கண்ணை மூடி, நிறைவாக முடிந்த கட்டடத்துக்காக நன்றி சொல்லி ஓதினார். கண்ணைத் திறந்தபோது எதிரே வெறும் செங்கல் சுவர் நின்றது. ஒருமுறை இருமிக்கொண்டார்.

பாக் ஹர்சோவால் சும்மா இருக்க முடியவில்லை. "டைல்ஸ் இன்னும் ஒட்டலியே, ரும்?"

"எங்களுக்கு இதுவே நிறைவு, பாக். நீங்கல்லாம் கொடுத்த கைக்கு அல்லாஹ்தான் கூலி தரணும்."

அத்தனை பேரும் ஆமீன் சொல்லியாகிவிட்டது. முடிந்தது என்று ஓதி, சோறும் சாப்பிட்ட வீட்டில் மறுபடி பூச்சுக் கரண்டி எடுத்தால் ஓதினதைப் பொய்யாக்குகிற மாதிரி. எங்கள் ஊரில் அதற்கு யாரும் துணிய மாட்டார்கள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கொஞ்சம் குழப்பத்தோடு கலைந்தார்கள்.

அன்றிரவு புருஷனும் பெண்டாட்டியும் மிஞ்சிய பணத்தை நடுவில் வைத்து உட்கார்ந்தார்கள். இந்த முறை ருமியாதி சொல்ல, அவன் எழுதினான். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து இரண்டு கூலிக் கொத்தனார்கள். அவர்களுக்கு ஒருவேளைச் சாப்பாடு. வெட்டும்போது உடைகிற டைல்ஸ். அதற்குப் பிறகு, என்னவென்று இப்போது தெரியாத செலவு.

மார்ஜோனோவின் பேனா நின்றது. "தெரியாத செலவுக்கு எப்படித் தொகை போடறது?"

"தெரிஞ்ச செலவுக்குப் போட்டீங்களே, அது நின்னுச்சா?"

எழுதினான். கூட்டிப் பார்த்தால் கையிலிருப்பதைத் தாண்டியது. இரண்டாவது தூணுக்கு வாங்கின கம்பியைக் கடைக்காரன் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டான். அப்படியும் தரைக்கும், சுவரில் நெஞ்சு உயரத்துக்கும்தான் டைல்ஸ் எட்டியது. அக்கரை ஆட்கள் தங்கள் சிகரெட்டைத் தாங்களே கொண்டுவந்தார்கள், வேலையை முடித்தார்கள், போய்விட்டார்கள். யாரும் பாட்டுப் பாடவில்லை. மார்ஜோனோவுக்கு அது துக்க வீடு மாதிரி இருந்ததாம். தண்ணீர்க் குழாய் மட்டும் ஒரு இடத்தில் உடைந்தது. தெரியாத செலவுக்குப் போட்ட தொகை அதற்கு முழுசாகப் போதவில்லை, ஆனாலும் கை கொடுத்தது.

நோன்புக்கு முன்பே கடைக்காரம்மா வந்தாள். ஒற்றைத் தூணோடு நின்ற வராந்தாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் டைல்ஸைக் காட்டிக் கேட்டாள்: "ஏன் பாதியில நிறுத்திட்டீங்க?"

"எங்க காசு அந்த உயரம்தான், இபு. எண்ணெய் அதுக்கு மேல தெறிக்காது. பொரிச்சுக் காட்டறேன், பாருங்க."

ருமியாதி சட்டியை ஏற்றினாள். எண்ணெய் சீறியது. பத்துப் பன்னிரண்டு பேயெக் எடுத்த பிறகு கடைக்காரம்மா கைக்குட்டையால் டைல்ஸைத் துடைத்தாள். பிசுக்கு துணியோடு வந்தது. எக்கி மேலே செங்கல்லையும் தடவிப் பார்த்தாள். தூசிதான் ஒட்டியது. முதல் வாரத்துக்குச் சொன்னதில் பாதி எடுத்துக்கொள்கிறேன், விற்றால் மீதியும் என்றாள். ருமியாதி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த கரண்டி மாவை ஊற்றினாள்.

வெளியே வந்த கடைக்காரம்மா, தன் தம்பியும் வீட்டுக்கு முன்னால் ஒன்று இழுக்கப் போகிறான், இந்த வராந்தாவுக்கு எவ்வளவு ஆச்சு என்று மார்ஜோனோவை விசாரித்தாள். அவன் வாயில் 'ஓசி' என்ற சொல் வந்துவிட்டது, உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னான். மணல், சிமெண்ட், கோழி, அரிசி, டீ, சர்க்கரை, காலியான பேயெக் டின் எல்லாவற்றையும் கூட்டி, உள்ளபடி ஒரு தொகை சொன்னான். கடைக்காரம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து, சட்டியை விட்டுக் கண்ணெடுக்காமல், ருமியாதி சொன்னாள்: "சிகரெட்ட விட்டுட்டீங்க, மாஸ்."