எஸ்ஆர்-ஃபேர் கிடைக்கவில்லை

"ஒன்னுமில்லீங் கண்ணு, ஆப் முழுசா முடிஞ்சிருச்சு. ஒரு பட்டனை அமுக்குனா வெளிய வந்துரும்" என்று கமலக்கண்ணன் சொன்னபோதே நஸ்ரின் எழுந்து ஓடியிருக்க வேண்டும். முடிந்துபோன வேலையை முடித்துத்தர யாரும் ஆள் தேடுவதில்லை. ஆனால் அவர் ஏற்காட்டில் இரண்டு லாட்ஜுக்குச் சொந்தக்காரர், சுற்றுலா ஜீப் சங்கத்தின் தலைவர், அவளுடைய அத்தாவின் மளிகைக் கடைக்கு நெடுநாள் வாடிக்கையாளர். சென்னையில் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டுக் கடையின் மேல்மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவளால் மறுக்க முடியவில்லை.

ஜீப் பதிவு செய்வதற்கான அந்த ஆப்பை எழுதியது அவருடைய அக்கா மகன் பாலகுமார். கோயம்புத்தூரில் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டான். கோடை விழாவில் ஆப்பை வெளியிடுவதாக மாமா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

நஸ்ரின் பட்டனை அமுக்கினாள். ஆப் வரவில்லை. திரை முழுக்கச் சிவப்பு வரிகள் வந்தன. இந்த லைப்ரரி கிடைக்கவில்லை, அந்த லைப்ரரி கிடைக்கவில்லை.

ஓர் ஆப்பை முழுக்க ஒருவரே எழுதுவதில்லை. வரைபடம் காட்ட ஒன்று, படம் இறக்க ஒன்று என்று மற்றவர்கள் எழுதி இணையத்தில் வைத்த லைப்ரரிகளை எடுத்துக் கோத்துக்கொள்வார்கள். பாலகுமார் கோத்தவற்றில் பாதி, எப்போதோ இழுத்து மூடப்பட்ட ஒரு தளத்தில் இருந்தன. நஸ்ரின் ஒவ்வொன்றுக்கும் புது முகவரி தேடினாள். வரைபடத்துக்குப் புதிய பதிப்பைப் போட்டால் பட லைப்ரரி முறுக்கிக்கொண்டது. அதையும் மாற்றினால், இரண்டும் சேர்ந்து மூன்றாவது ஒன்றை ஆளுக்கொரு பதிப்பில் கேட்டன. நடுவில் மூடுபனி வேறு. பனி இறங்கியதும் இணையம் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது.

கடைசியில் ஒரே ஒரு சிவப்பு வரி மிஞ்சியது: எஸ்ஆர்-ஃபேர். இணையத்தில் எங்கும் அப்படி ஒன்று இல்லை. அது பாலகுமாரின் பழைய லேப்டாப்பில் ஏதோ ஒரு ஃபோல்டரைக் கைகாட்டியது. அவனுக்குப் போன் போட்டாள்.

"ஜீப் கட்டணம் போடற லைப்ரரிங்க அது. ஃபேர்னா கட்டணம், எஸ்ஆர்னா ஸ்மார்ட் ரேட். நானே எழுதுனதுங்க" என்றான் பெருமையாக.

"நல்லதுங்க. அனுப்புங்க."

"அந்த லேப்டாப் இப்ப நாகலூர்ல ஒருத்தருகிட்ட இருக்குதுங்க. சசிரேகான்னு…"

"சசிரேகா. எஸ்ஆர்" என்றாள் நஸ்ரின்.

"டவர் கட்டாகுதுங்க" என்றான், கோயம்புத்தூரின் நட்டநடுவில் இருந்தவன்.

மறுநாள் நஸ்ரின் பஸ் பிடித்து நாகலூர் போனாள். சசிரேகாவின் அப்பா அம்மா இருவருக்கும் எஸ்டேட் வேலை. அவள் சேலத்தில் பாலகுமாரோடு ஒரே வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தவள். இப்போது எஸ்டேட் ஆபீசில் இருந்தாள். வாசலில் காய்ந்த மிளகை ஒதுக்கிவிட்டு நஸ்ரினுக்கு நாற்காலி போட்டாள்.

"லேப்டாப்பே அவருதில்லீங்க. எனக்குக் கவர்மெண்ட்ல குடுத்தது. கட்டணக் கணக்கு பூரா நான் எழுதுனது. மேடு, பள்ளம், வெயிட்டிங், எல்லாம் சேத்தி."

"அவரு தான் எழுதுனதாச் சொல்றாரு."

"சொல்லுவாருங்க. எங்க ரெண்டு பேரு கல்யாணப் பேச்சு வந்தப்ப, எஸ்டேட் கூலிக்காரங்க ஊட்டுப் பொண்ணு சரிப்படாதுன்னுட்டாரு அவங்க மாமா. இவரும் சரிங்க மாமான்னு பஸ் ஏறிட்டாரு. என்னைத்தான் கூட்டிட்டுப் போக முடியல. எழுதுனவன்கற பேரையாவது எடுத்துக்கிட்டுப் போனாரே, அதுல ஒரு சந்தோசம்."

நஸ்ரினுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. அவள் உழைப்பை டீம் லீடர் தன் உழைப்பாகக் காட்டிக் கைதட்டல் வாங்கிய அன்றுதான் அவள் சென்னையை விட்டாள்.

"லைப்ரரி தருவீங்களா?"

"தரேனுங்க. ஆப்புல என் பேரு இருக்கோணும். எல்லாரும் பாக்கற எடத்துல."

அன்று மாலையே பட்டனை அமுக்கியதும் ஆப் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வந்தது. லாட்ஜ் வரவேற்பறையில் கமலக்கண்ணன் ஆப்பைத் திறந்து, பகோடா பாயிண்ட் போய்வர என்ன ஆகும் என்று பார்த்தார்.

"கணக்கு நொம்பச் சரியா வருது. எம்பட பாலுவுக்கு இருக்கற மூளை யாருக்கு வரும்" என்றவரின் கண் கீழே இறங்கியது. 'கட்டணக் கணக்கு: சசிரேகா, நாகலூர்.' மூளை அங்கேயே நின்றுபோனது.

"இந்தப் பேரு எதுக்குங் கண்ணு?"

"அதுதான் சார் இத்தனை நாளாக் கிடைக்காம இருந்தது."

"எடுத்துரலாமல்ல?"

"எடுக்கலாமுங்க. எடுத்தாக் கட்டணம் வராது. எல்லாரையும் இலவசமா ஏத்திக்கிட்டுப் போலாம்."

பெயரை எடுத்தால் கணக்கு நின்றுவிடும் என்பது சுத்தப் பொய். அதைச் சொல்லும்போது நஸ்ரினின் குரல் துளியும் பிசகவில்லை. கமலக்கண்ணன் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். 'இலவசமா' என்ற சொல் அவரை மிகவும் பாதித்திருந்தது.

"இருந்துட்டுப் போகுது" என்றார்.

வெளியீட்டு மேடையில், ஆப் தன் குடும்பத்துப் பையனின் சாதனை என்று அவர் முழங்கினார். அவருக்குப் பின்னால் பெரிய திரையில் சசிரேகாவின் பெயர் ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. நாகலூர் ஜீப்காரர்கள் கைதட்டினார்கள். தனக்குத்தான் என்று அவர் கைகூப்பினார். கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த சசிரேகா, நஸ்ரினின் தோளில் முகம் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

மழை தொடங்கியதும் டிரைவர்கள் கட்டணத்தை மாற்றச் சொல்லி நெருக்கினார்கள். பாலகுமாருக்கு வழக்கம்போல டவர் இல்லை. வேறு வழியில்லாமல் கமலக்கண்ணன் நாகலூருக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, சசிரேகாங்களா? நான் கமலக்கண்ணன் பேசறனுங்க. மழைக்கால ரேட்டுக் கொஞ்சம் மாத்திக் குடுக்கோணுமுங்க."

இத்தனை 'ங்க'வை அந்த வீட்டுக்கு அவர் இதுவரை செலவழித்ததில்லை.

"திங்கக்கெழம ஆபீசுக்கு வாங்க, பாக்கலாம்" என்றாள் சசிரேகா.