ரத்தினவேல் வாயும் சோலையப்பன் மூச்சும்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. கைக்குழந்தைக்காரி, நீ காற்றடிக்காத பக்கமாக வந்துவிடு. பெற்ற பிள்ளையின் மூச்சைத் தன் வாயாலேயே பிடுங்கிய ஒரு மனிதனின் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சிரித்தாலும் சரி, காறித் துப்பினாலும் சரி. இரண்டுக்கும் அந்த ஆள் தகுதியானவர்தான்.

ராஜாவின் சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். ஆலங்குடிக்குக் கிழக்கே ஓர் ஊரில் ரத்தினவேல் என்பவர் கடலை வியாபாரம் பார்த்தார். கடலையைக் கையில் அள்ளிக் குலுக்கியே சொத்தை எவ்வளவு என்று சொல்லிவிடுவார். தன் பேச்சில் சொத்தை எவ்வளவு என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவருக்குத் தெரியாத விளையாட்டு கிடையாது. விளையாடியதுதான் கிடையாது. வாலிபத்தில் ஒரே ஒரு நாள் சடுகுடுக் களத்தில் இறங்கி, எதிரி கைவைப்பதற்கு முன்பே வேட்டி அவிழ்ந்து வெளியே ஓடியவர் என்று அவர் வயதுக்காரர்கள் சொல்வார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாலோ, அவரைப் போல ஆள் பிடிக்க இன்னொருவன் பிறந்து வர வேண்டும்.

அவர் பெண்சாதி உண்ணாமலை. ஒரே மகன் சோலையப்பன், பள்ளிக்கூடத்தில் நாலாவது பாரம், இப்போதைய கணக்குக்கு ஒன்பதாம் வகுப்பு. கைகால் எல்லாம் கீரைத்தண்டு. ஆனால் மூச்சு இருக்கிறதே, கண்மாயில் அவன் முங்கினால் கரையில் நிற்பவர்கள் அவனைத் தேடித் தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். சடுகுடுவுக்கு அதுதானே மூலதனம்? நடுக்கோட்டைத் தாண்டிப் போகிறவன் ‘சடுகுடு சடுகுடு’ என்று விடாமல் பாட வேண்டும். பாட்டு அறுந்தாலோ, நடுவில் வேறொரு சொல் வந்தாலோ, அவன் அவுட்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அப்பா கூப்பிட்டால் முதல் குரலுக்கே “என்னங்கப்பா” என்று வந்தாக வேண்டும். வாய் நிறையச் சோறு இருக்கட்டும், தென்னைமர உச்சியில் இருக்கட்டும், விதிவிலக்கே இல்லை. நாயைக் கூப்பிடுகிறவன்கூட அது உடம்பை நெளித்து எழுந்திருக்கும் வரை பொறுப்பான். ரத்தினவேலுக்கு அந்தப் பொறுமையும் இல்லை. பிள்ளை எப்படிப் பழகிவிட்டான் என்றால், அப்பாவின் குரல் காதில் விழுந்ததும் அவனைக் கேட்காமலே அவன் வாய் பதில் சொல்லிவிடும்.

ஒரு நாள் சாயங்காலம் அப்பனும் மகனும் ஆட்டம் முடிந்து வந்தார்கள். அப்பன் வாசலிலேயே ஆரம்பித்தார்.

“இந்தாடி, ஒன் மகனுக்கு ஒரு சேலையக் கட்டிவிடு. அங்கிட்டுப் போயிப் பொம்பளப் புள்ளைகளோட பாண்டி ஆடட்டும். மானத்த வாங்கிட்டான்!”

“புள்ள மொகத்தக் கழுவட்டுங்க.”

“எந்த மொகத்த?”

வண்டியிலிருந்து மூட்டையை இறக்கிய பிறகுதான் எடை போடுவார்கள். இந்த வியாபாரிக்கு அதுகூடப் பிள்ளை விஷயத்தில் மறந்துபோனது. வழியெல்லாம் பிள்ளையைத் திட்டிப் போட்ட எடை போதாதென்று சோற்றுத் தட்டுக்கு முன்னாலும் போட்டார். சோலையப்பன் இரண்டு வாயோடு கையைக் கழுவிவிட்டான். மறுநாள் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகாமல், வயிற்று வலி என்று சுருண்டுகொண்டான்.

அதற்கடுத்த நாள் டிரில் வாத்தியார் திருப்பதி சைக்கிளில் வந்து நின்றார். ரத்தினவேல் சந்தைக்குப் போயிருந்தார்.

“கோயில் திருவிழாவுல ஆட்டம் இருக்குங்கம்மா. அதுல பாத்துத்தான் திருச்சிப் போட்டிக்கு ஆள் எடுக்கப் போறோம். ஒங்க பையன் மாதிரி மூச்சு எவனுக்கும் கெடையாது. ஆனா போன தடவை மாதிரி நின்னுட்டான்னா நான் கூட்டிட்டுப் போக முடியாதுங்க.”

“போன தடவை என்ன செஞ்சான்?”

வாத்தியார் செருமினார். “அதை அவன்ட்டயே கேளுங்கம்மா” என்று சொல்லிச் சைக்கிளை மிதித்துவிட்டார்.

பிடுங்கிப் போட்டிருந்த கடலைச் செடிக் குவியலுக்கு முன்னால் தாயும் மகனும் உட்கார்ந்து காய் ஆய்ந்தார்கள். உண்ணாமலை அவன் முகத்தைப் பார்க்காமல், செடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

“வெளயாட்டு புடிக்கலையாடா?”

“புடிக்கும் ஆத்தா.”

“பெறகு என்ன வயித்து வலி?”

“அப்பா வாராரே.”

“வந்தா?”

“கூப்புடுறாரு. நான் பாடிக்கிட்டுப் போறப்ப ‘டேய் சோலை, குனிடா’ங்கிறாரு. நான் ‘என்னங்கப்பா’ன்னுர்றேன். அவுட்டு. திரும்பப் போனா ‘டேய் சோலை, இங்கிட்டுப் பாருடா’ங்கிறாரு. அதுவும் அவுட்டு.”

உண்ணாமலைக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டாள்.

“எதிர்க்கட்சிக்காரனுக இப்ப அப்பாவுக்குப் பெஞ்சு போட்டு ஒக்கார வைக்கிறானுக ஆத்தா. கலரு சோடா ஒடைச்சுக் குடுக்குறானுக. ‘ரத்தினவேலண்ணே, ஒரு கொரலு குடுங்கண்ணே, நீங்க இல்லாட்டி ஆட்டமே களை கட்டலண்ணே’ங்கிறானுக. அப்பா அத மரியாதைன்னு நெனைக்கிறாரு.”

எதிரி வாங்கிக் கொடுத்த கலரைக் குடித்துவிட்டுச் சொந்தப் பிள்ளையைக் கவிழ்த்த மகாவீரரை நினைத்துப் பாருங்கள், கண்ணுகளா! கடலை மூட்டைக்கு அடியில் வைக்கும் கல்லுக்குக்கூட அதைவிட விவரம் உண்டு.

“கூப்புட்டா பதில் சொல்லாம எப்படி ஆத்தா இருக்கறது?” என்று கேட்டான் பையன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அவள் முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். அன்று ராச்சாப்பாட்டின்போது புருஷனிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். “களத்துல நிக்கிற புள்ளயக் கூப்புடாம இருந்தா என்னங்க?”

“நான் சொல்லித்தான்டி அவன் இந்த மட்டுக்காவது நிக்கிறான். இந்தத் திருவிழாவுலயும் தோத்தான்னா வெளயாட்டும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. நேரா தராசுல ஒக்கார வேண்டியதுதான்.”

பிள்ளைக்கு அந்த ஒரு ஆட்டம்தான் மிச்சம் என்று உண்ணாமலைக்குப் புரிந்தது. இனி இந்த மனிதரிடம் பேசிப் பயனில்லை என்பதும் புரிந்தது.

திருவிழாவன்று காலை மகனுக்குத் தலை துவட்டிவிடும்போது சொன்னாள். “இன்னைக்கு நீ பாடப் போனா பாட்டை மட்டும் பாரு. அப்பா கூப்புட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.”

“நீயா? அங்கயா?”

“நான்தான். செயிக்கிறதும் தோக்குறதும் ஒம்பாடு. பதில் சொல்றது என் பாடு.”

கோயிலுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் ஆட்டம். ஆண்கள் களத்தைச் சுற்றி நின்றார்கள். பெண்கள் கண்மாய்க்கரை மேல் நின்று பார்ப்பது வழக்கம். உண்ணாமலை பக்கத்து வீட்டுக் காத்தாயியை இழுத்துக்கொண்டு கரையின் முன்வரிசைக்கு வந்துவிட்டாள். கீழே ரத்தினவேலுக்குப் பெஞ்சு தயாராக இருந்தது. கையில் கலர் பாட்டில். சம்பந்தி வீட்டுக்கு வந்தவர் மாதிரி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சோலையப்பன் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுக் கோட்டைத் தாண்டினான். சடுகுடு சடுகுடு சடுகுடு...

“டேய் சோலை! குனிடா!”

பையனின் கால் தடுமாறியது. உதடு கோணியது.

“என்னங்க!” என்று கரையிலிருந்து உண்ணாமலையின் குரல் இடி மாதிரி விழுந்தது.

களமே திரும்பிப் பார்த்தது. பையன் திரும்பவில்லை. சடுகுடு சடுகுடு...

“டேய் சோலை!”

“இந்தா இருக்கேங்க! என்ன வேணும்?”

ரத்தினவேல் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டார். “ஒன்னையாடி கூப்புட்டேன்?”

“யாரக் கூப்புட்டா என்னங்க, வீட்ல ஒருத்தர் பதில் சொல்லணும்ல? சட்டம் போட்டது நீங்கதானே!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் விடுகிற ஆளா? வெட்கம் என்பது கொஞ்சமாவது உள்ளவர்களுக்குத்தானே வரும்? “டேய் சோ...” என்று மறுபடி வாயைத் திறந்தார். இந்தத் தடவை காத்தாயி முந்திக்கொண்டு, “என்னண்ணே!” என்றாள். அவள் பின்னால் நின்றவள், “என்ன மாமா!” என்றாள். அதற்குள் கரை முழுக்கத் தொற்றிவிட்டது. “என்னண்ணே! என்ன மாமா! என்ன சித்தப்பு!” ஊரில் அவருக்கு உள்ள முறை அத்தனையும் ஒரே மூச்சில் வந்து தலையில் விழுந்தது. ரத்தினவேல் திறந்த வாயோடு உட்கார்ந்தார். கலர் வேட்டியில் கொட்டியது.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் சோலையப்பன் ஒருவனைத் தொட்டு, இன்னொருவனின் காலைத் தட்டி, நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட்டான். வந்த பிறகும் பாடிக்கொண்டே நின்றான். வாத்தியார் முதுகில் தட்டித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

அவன் கட்சி ஜெயித்தது என்று சொன்னால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் ஜெயிக்கவில்லை. கடைசியில் ஒரு முரட்டுப் பையன் அவன் இடுப்பைப் பிடித்து நிலத்தோடு அழுத்திவிட்டான். மூச்சு தீரும்வரை திமிறிப் பார்த்துவிட்டு எழுந்தவன், புழுதி முகத்தோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். திருப்பதி வாத்தியார் அவன் தோளில் கை போட்டு, “திங்கக்கெழமை மைதானத்துக்கு வந்துரு. திருச்சிக்குப் போறோம்” என்றார்.

வீட்டுக்கு நடந்தார்கள். உண்ணாமலை மடியிலிருந்து பொரிகடலையை எடுத்து அவன் கையில் கொட்டினாள். ஏன் தோற்றாய் என்று கேட்கவில்லை. “எது நல்லாருந்துச்சு இன்னைக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. காலைத் தட்டியது எப்படி, புழுதி கண்ணில் விழுந்தது எப்படி என்று ஆரம்பித்தான். “அந்தத் தடியன் எடது பக்கந்தான் பாயுவான் ஆத்தா. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போனேன், ஆசை. அடுத்த தடவை போக மாட்டேன்.” தன் தப்பை அவனே எடுத்துச் சொன்னான். அப்பன் ஒரு ஜென்மம் முழுக்கக் கத்தினாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

பின்னால் வந்த ரத்தினவேலுக்குத் தாங்கவில்லை. தொண்டையைக் கனைத்தார். “டேய் சோலை...”

பையன் ஒரு நொடி நின்றான். அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

“இருங்கப்பா. ஆத்தாட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். ரத்தினவேல் திருந்திவிட்டாரா என்று கேட்காதீர்கள். அந்த மாதிரி ஆட்கள் திருந்துவது கதையில்தான் நடக்கும். ஆனால் அன்று அந்தப் பாதையில், ஈர வேட்டியோடு, தன் முறை வரும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

எழுந்து போங்கள், என் செல்லங்களா, பொழுது ஏறுகிறது. ஜெயித்து வந்தாலும் தோற்று வந்தாலும் பிள்ளைகள் ஓடி வந்து நுழைகிற வாசலாக உங்கள் வாசல் இருக்கட்டும். உங்கள் அடுக்களையில் அரிசிப்பானை குறையாமல், பேச்சுச் சத்தம் ஓயாமல், இந்தச் சீமையைக் காக்கும் அம்மன் பிரகதாம்பாள் தாயார் கூடவே இருந்து காக்கட்டும்.