நாலு ஓட்டைப் பிரிமணை

வண்டி தட்டுகிறது என்று சொன்னால் என் வீட்டுக்காரர் வால்டருக்குப் பிடிக்காது. "அது தட்டல எல்சி, பேசுது" என்பார். அது பேசுகிற லட்சணத்தை ராயபுரம் ரயில் பாலத்தின் மேல் கேட்க வேண்டும். ஏற்றத்தில் பாதி தூரம் போனதும், இன்ஜினுக்குள் யாரோ சின்னச் சுத்தியோடு உட்கார்ந்துகொண்டு டக் டக் டக் என்று அடிக்க ஆரம்பிப்பார்கள். உச்சி தாண்டி இறங்கும்போது நின்றுவிடும். மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் மாட்டிய தொட்டியில் பிரசவப் பையை மடியில் வைத்துக்கொண்டு போகிற எனக்கு ஒவ்வொரு அடியும் பல்லில் வந்து இறங்கும்.

நான் பிரசவம் பார்க்கிறவள். ஆஸ்பத்திரியில் முறையாகப் படித்தவள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கூப்பிட்ட குப்பத்துக்கெல்லாம் போவேன். எண்ணூருக்கு ரயில் இருக்கிறது. ஆனால் ரயில் அதன் நேரத்துக்கு வரும், பிள்ளை அதன் நேரத்துக்கு வரும். அதற்காகத்தான் இந்த மோட்டார் சைக்கிள். ஹார்பரில் இருந்த ஒரு துரை, மனைவியைத் தொட்டியில் உட்காரவைத்து பெங்களூர், நீலகிரி என்று ஊர் சுற்றிய வண்டி. பத்து வருஷத்துக்கு மேல் உழைத்த கிழடு. துரை சீமைக்குத் திரும்பியபோது எங்களிடம் வந்து சேர்ந்தது.

வால்டர் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். நீராவி இன்ஜினையே பிரித்து மேய்கிறவருக்கு இது எம்மாத்திரம் என்று ஈஸ்டர் விடுமுறையில் கூடத்தில் சாக்கை விரித்து வண்டியின் இன்ஜினைப் பிரித்தார். உள்ளே படிந்திருந்த கரியைச் சுரண்டினார், துடைத்தார், மாட்டினார். வண்டி முன்னைவிட நன்றாக இழுத்தது. அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்தில் எனக்கு ஒரு பரிசுகூடக் கொடுத்தார். நடுவில் வட்டமாக ஓட்டை போட்ட ஓர் இரும்புத் தகடு. மீன் குழம்புச் சட்டி அதில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் எனக்குக் கொடுத்ததில் உருப்படியான சாமான் அந்தப் பிரிமணை ஒன்றுதான் என்று நானே பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்கப்புறம்தான் சத்தம் ஆரம்பித்தது. பாலத்தில் மட்டுமில்லை, எண்ணூர் மணலில் வண்டி திணறும்போதும் குப்பத்துக்கே கேட்கிற மாதிரி தட்டும். சத்தம் வந்ததும் வால்டர் ஒரு வித்தை கண்டுபிடித்தார். கைப்பிடியில் ஒரு சின்ன லீவர் உண்டு. உள்ளே நெருப்புப் பொறி சீக்கிரம் விழ வேண்டுமா, தாமதமாக விழ வேண்டுமா என்பதை அதுதான் சொல்லும். அதைப் பின்னால் இழுத்தால் தட்டுவது அடங்கிவிடும். அடங்கியதும் எனக்கு அவர் வெற்றிவீரர்போல ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் எண்ணூர் குப்பத்துப் பச்சையம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். பாலத்தில் லீவரை இழுத்தார். திருவொற்றியூர் தாண்டி மணல் பாதையிலும் இழுத்தே வைத்திருந்தார். சத்தம் இல்லை. இழுவையும் இல்லை. இன்ஜின் அடுப்பாகக் காய்ந்து, மணல் நடுவில் நின்றுவிட்டது. மிச்ச தூரத்தைப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிக்கொண்டு எல்லாம் முடிந்திருந்தது. ஆண் பிள்ளை. கொடியைத் தலைவழியே தள்ளிவிட ஒரு விரல் போதும். அந்த ஒரு விரல் மணலில் ஓடி வந்துகொண்டிருந்தது. பச்சையம்மா என்னைத் திட்டவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இப்போது அவளுக்கு அடுத்த வீட்டுக் கன்னியம்மாவுக்கு மாதம் நிறைந்திருக்கிறது.

"அவளுக்கு வலி எடுக்கறதுக்குள்ள இந்தச் சத்தம் ஏன் வருதுன்னு எனக்குத் தெரியணும்" என்றேன் வால்டரிடம்.

"அதான் லீவர் கீதே. பின்னால வச்சிகினு மெதுவா போலாம்."

"வலியில துடிக்கறவளுக்கு அபினி குடுத்துத் தூங்க வச்சா பிள்ளை வந்துடுமா? சத்தத்த அமுக்காத. காரணத்தச் சொல்லு."

மறுநாள் ஷெட்டிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டி முன்னால் உட்கார்ந்தார்.

முதல் சந்தேகம் பெட்ரோல் மேல். கடைக்காரன் கிரசின் கலந்திருப்பான் என்றார். பெட்ரோல் டாங்கை வடித்துவிட்டு, சீல் உடைக்காத டின்னை வாங்கி ஊற்றிக்கொண்டு பாலத்துக்குப் போனோம். டக் டக் டக். கடைக்காரன் தப்பித்தான். அடுத்து ஸ்பார்க் பிளக். வேறொன்றை இரவல் வாங்கி மாட்டினார். பாலத்தில் அதே சுத்தி, அதே அடி. கரியாக இருக்குமோ என்றால் அதைச் சுரண்டி எடுத்ததே இவர்தான்.

மூன்றாம் நாள் வால்டரின் முகம் தொங்கிப்போயிற்று. "அடியில இருக்கற பேரிங் தேஞ்சிருக்கும் எல்சி. மொத்தமாப் பிரிக்கணும். சாமான் சீமையிலேர்ந்து வரணும். பேஜாருதான்."

கப்பல் வருகிற வரைக்கும் கன்னியம்மா காத்திருப்பாளா? எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அழுதால் வண்டி ஓடாது என்பதால் கோபத்தை வைத்துக்கொண்டேன். பையைத் திறந்து, வயிற்றில் வைத்துப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கிற மரக்குழலை எடுத்தேன். வண்டியைத் தெருவில் நிறுத்தி ஓடவிடச் சொல்லி, இன்ஜினின் அடிவயிற்றில் குழலை வைத்துக் காதைக் கொடுத்தேன். தெருவே கூடிவிட்டது. "நர்ஸம்மா, எத்தினி மாசம்?" என்று ஒருவன் கேட்டான். அவன் பெண்டாட்டிக்குப் பிரசவம் பார்த்தவள் நான். அவனை நிமிர்ந்து பார்த்தேன், வீட்டுக்குப் போய்விட்டான்.

அடியில் தட்டுகிற சத்தமே இல்லை. சீராக உருண்டுகொண்டிருந்தது.

"பேரிங் தேஞ்சிருந்தா நின்ன எடத்துலயும் கொஞ்சமாவது கேக்கணுமில்ல?" என்றேன்.

"கேக்கணும்."

"லீவர இழுத்தா சத்தம் நிக்குதே. தேஞ்ச பேரிங் லீவருக்குப் பயந்துகினு சும்மா இருக்குமா?"

வால்டர் கண்ணை மூடி யோசித்தார். ஃபிட்டர் யோசிக்கும்போது குறுக்கே பேசக் கூடாது, அது எனக்குத் தெரியும். "இருக்காது" என்றார் கடைசியில். "அப்போ கோளாறு மேலதான். நெருப்புப் புடிக்கற எடத்துல."

மறுநாள் ஞாயிறு. கோயில் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். பிரசவ வீட்டில் கேட்கிற மாதிரியே நானும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எப்போது ஆரம்பித்தது? ஈஸ்டருக்கு அப்புறம். அதற்கு முன்னால் ஒரு தடவையாவது? இல்லை. கரி எடுத்த பிறகு வேறு என்ன மாறிற்று?

"இழுவை கூடிச்சி. அத்த நானே சொன்னனே."

"வேற?"

"வால்வுங்களுக்கு அடியில கொஞ்சம் இடைவெளி இருக்கணும். திருப்பி மாட்டினப்போ அது இறுகிக் கெடந்துது. நான் திருகி சரி பண்ணிட்டேன்."

"தானா எப்படியா இறுகும்? நீ சிலிண்டரக் கீழ எறக்கி வச்சியா?"

"அதே எடத்துலதான வச்சேன்" என்று சொல்லிக்கொண்டே தட்டை நீட்டினார். நான் குழம்புச் சட்டியைத் தூக்கினேன். பிரிமணை தரையில் தனியாகக் கிடந்தது. நடுவில் பெரிய வட்டம். நான்கு மூலையிலும் நான்கு சின்ன ஓட்டைகள். எத்தனை தடவை சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறேன், அந்த ஓட்டைகள் எதற்கு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

சட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டேன். "பிரிமணைக்கு எதுக்குயா நாலு மூலையிலயும் ஓட்டை?"

வால்டர் பார்த்தார். தட்டு கீழே இறங்கியது.

"சிலிண்டருக்கு அடியில ஒட்டிகினு இருந்துது" என்றார் மெதுவாக. "எவனோ முட்டுக் குடுத்த தகடுன்னு நெனச்சேன். அது இல்லாமயே வண்டி கெளம்பிச்சி, நல்லா இழுத்திச்சி. அதான் வேண்டாததுன்னு..."

"வேண்டாதத எனக்குக் குடுத்த."

சாப்பாடு அப்படியே நின்றது. தகட்டைத் துடைத்து, சிலிண்டரைத் தாங்குகிற நான்கு போல்ட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அளவெடுத்ததுபோல இருந்தது. துரை தன் மனைவியையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு நீலகிரி ஏறுவதற்காகப் போட்ட தகடு. அது இருந்தால் சிலிண்டர் தகட்டின் கனத்துக்கு உயரத்தில் நிற்கும், உள்ளே அமுக்கம் குறையும். எடுத்துவிட்டால் சிலிண்டர் கீழே இறங்கி வால்வு இடைவெளி இறுகும், அமுக்கம் கூடும்.

"அமுக்கம் கூடினா பலம்தான எல்சி. ஷெட்ல எல்லாம் அப்படித்தான" என்று அப்போதும் அவருக்கு மனம் ஆறவில்லை.

"உன் ஷெட்ல தண்ணி. இதுல நெருப்பு. நேரம் வர்றதுக்கு முன்னாடி ஒருத்திய முக்கச் சொன்னா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும். பாரம் ஏறினா உள்ள நெருப்பு முன்னாடியே முக்குது. அதான் தட்டுது."

அவர் சாக்கை விரித்தார். இந்தத் தடவை நான் பக்கத்தில் உட்கார்ந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் வரிசையாகத் துணியில் வைத்தேன். தடித்த காகிதத்தை வெட்டி எண்ணெய் தடவித் தகட்டின் இரண்டு பக்கமும் வைத்தார். மஞ்சள் கறை படிந்த பிரிமணை சிலிண்டருக்கு அடியில் போய் உட்கார்ந்தது. வால்வு இடைவெளியைத் திரும்பத் திருகி அளந்தார். கடைசி நட்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் சைக்கிள் சாய்ந்தது. கன்னியம்மாவின் புருஷன் லட்சுமணன், வேர்த்து வழிய நின்றான்.

"காத்தால புடிச்சி வலிக்குது நர்ஸம்மா. தண்ணிக்கொடம் ஒடஞ்சிடிச்சி."

வண்டியை ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. வால்டர் என்னைப் பார்த்தார். நான் பையை எடுத்துக்கொண்டு தொட்டியில் ஏறினேன். லட்சுமணனைப் பின்னால் உட்காரச் சொன்னேன். பாரம் கூடட்டும், இன்றைக்கே தெரிந்துவிடட்டும்.

பாலத்தில் ஏறும்போது வால்டரின் கை லீவர் பக்கம் போயிற்று. "தொடாத" என்றேன். பாதி ஏற்றம் வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். உச்சி வந்தது. இன்ஜின் தன் பாட்டுக்குப் பட படவென்று போய்க்கொண்டிருந்தது. சுத்திக்காரனைக் காணோம். திருவொற்றியூர் தாண்டி, பையோடு நான் ஓடிய மணல் வந்தது. அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது குப்பம் தெரிந்தது.

கன்னியம்மாவின் தலைமாட்டில் பச்சையம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துபோய் வெந்நீர்ச் சட்டியை எடுத்துவந்தாள். நான் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தபோது தலை தெரிந்துவிட்டது. கழுத்தில் கொடி ஒரு சுற்று. விரலை விட்டுத் தூக்கித் தலைவழியே தள்ளினேன். பெண் பிள்ளை. ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, குப்பம் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதது.

பிள்ளையைத் துடைத்துப் பச்சையம்மாவின் கையில் கொடுத்தேன். வேறு யாரிடமும் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. அவள் அதன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி வர்ற சத்தம் கேட்டுது. ஆனா டக்கு டக்குனு தட்டுமே, அது கேக்கல. அதான் நீயா இருக்காதுன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "அன்னிக்கு அந்தத் தட்டற சத்தம் எப்ப கேக்கும் எப்ப கேக்கும்னுதான் படுத்துகினு இருந்தேன் நர்ஸம்மா. எங்க வூட்டுக்கும் இப்படி வந்திருக்கலாமே."

எனக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. தகடு, மணல், லீவர்.

"வந்திருக்கணும்" என்றேன்.

அவள் பிள்ளையைக் கன்னியம்மாவின் பக்கத்தில் கிடத்தினாள். செம்பில் தண்ணீர் எடுத்துவந்து, நான் கை கழுவ ஊற்றினாள்.