E என்றால் இங்கிலீஷ்

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டை ஓட்டலாக மாற்றி நடத்துகிறார்கள். அங்கே வரவேற்பில் வேலை பார்ப்பவள் கிருஷ்ணப்ரியா. காலைச் சாப்பாட்டு நேரத்தில் இங்கிலீஷ் பாட்டு ஓடட்டும் என்று மேனேஜர் ஞானசம்பந்தம் சொன்னபோது அந்த வேலையும் அவளிடம்தான் வந்தது.

அவளுக்கு இங்கிலீஷ் பாட்டுப் பழக்கம் இல்லை. ஓட்டல் செல்போனில் தேடியபோது சில பாட்டுகளின் பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் E என்று இருந்தது. இங்கிலீஷுக்குத்தான் அந்த E என்று நினைத்து, அது உள்ளதாகவே பார்த்து நாற்பது பாட்டு சேர்த்தாள்.

மூன்று வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, வெளிநாட்டில் குடியிருக்கும் மீனாம்பிகை என்பவர் எட்டு வயது மகளோடு வந்து தங்கினார். மறுநாள் காலை பாதி இட்லியில் எழுந்து வரவேற்புக்கு வந்தார்.

"இந்தப் பாட்டு யாரு போட்டது?"

"நாந்தான் மேடம். சத்தம் கூடுதலா இருக்கா?"

"சத்தம் பரவால்லம்மா. வார்த்தைதான் படுமோசம். என் மக ஒரு வார்த்தையச் சொல்லி அர்த்தம் கேக்குறா."

கிருஷ்ணப்ரியா உடனே பாட்டை நிறுத்தினாள். காது வரை சூடேறியது. E என்றால் இங்கிலீஷ் என்று நினைத்ததைச் சொன்னாள். மீனாம்பிகை சிரிப்பை அடக்கிக்கொண்டார். 'எக்ஸ்ப்ளிசிட்' என்பதன் முதல் எழுத்துதான் அந்த E, கெட்ட வார்த்தை உண்டு என்று அர்த்தம் என்றார். அதே பாட்டு அந்த வார்த்தைகளை எடுத்துவிட்டுத் தனியாகவும் கிடைக்கும், அதில் E இருக்காது என்று தேடிக் காட்டினார்.

மேனேஜரிடம் அவளே போய்ச் சொன்னாள்.

"நானும் அதக் கேட்டுக்கிட்டேதான தெனமும் சாப்புட்டேன்," என்றார். "இன்னைக்கே மாத்திப்புடு."

மத்தியானம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினாள். மறுநாள் பாட்டு நடுநடுவே நின்று நின்று ஓடியது. பரிமாறும் ஈஸ்வரன் ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்பீக்கர் ஒயரைத் திருகினார்.

"ஒயர் நல்லாத்தாண்ணே இருக்கு. கெட்ட வார்த்தைய வெட்டிருக்காக," என்றாள் கிருஷ்ணப்ரியா.

"இம்புட்டா?" என்று அவர் இறங்கினார்.

வெட்டு மிகுந்த பாட்டுகளைத் தூக்கினாள். E இல்லாத பாட்டுகளையும் நம்பாமல் வரிகளை எடுத்து வாசித்தாள். அந்தப் பழக்கத்தில் சாயங்காலம் ஓடும் தமிழ்ப் பாட்டுகளையும் பார்த்தாள். அவற்றில் ஒன்றுக்கும் E இல்லை. கல்லூரி நாளிலிருந்து அவள் முணுமுணுத்துவந்த ஒரு பாட்டில் கெட்ட வார்த்தை என்று எதுவும் கிடையாது. ஆனால் வரிக்கு வரி ஒரு பெண்ணின் உடம்பைக் கேலி செய்தது. இத்தனை வருஷம் அது தன் காதில் ஏறவே இல்லையே என்று இருந்தது. அதையும் எடுத்துவிட்டாள்.

"அது நல்ல பாட்டாச்சே, ஏம்மா தூக்குன?" என்று ஈஸ்வரன் கேட்டார்.

அவள் போனை நீட்டினாள். "மெட்ட விட்டுட்டு வார்த்தைய மட்டும் வாசிங்கண்ணே."

அவர் நின்றபடியே பாதி வாசித்தார்.

"என் மக கல்யாணத்துல இதுக்கு ஆடிருக்கேன்," என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.