ஓடிக்கொண்டே இருந்த மோட்டர்

நீடாமங்கலம் கடைத்தெருவில் எரிவாயுக் கிணறு எதிர்ப்புக் கூட்டம். பக்கத்து ஊர் விவசாயி தியாகேசன் மைக்கைப் பிடித்திருந்தார்.

"கரண்ட் வேணும்னு வயலைத் தோண்டுறீங்க, நிலக்கரியை எரிக்கிறீங்க. வெயிலும் காத்தும் சும்மா கிடக்குதே, அதை வச்சு முப்பது வருஷத்துக்கு ஒரு திட்டம் போட்டீங்களா?"

கைதட்டல் பலமாக இருந்தது. அவர் மனம்தான் அங்கே இல்லை. ஊரில் மும்முனை மின்சாரம் வந்திருக்குமா, வயல் மோட்டர் ஓடத் தொடங்கியிருக்குமா என்று அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. போர்வெல்லை நம்பித்தான் பயிர். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வந்ததும் தானாக ஓடட்டும் என்று எல்லோரும் மோட்டருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தார்கள். விவசாயத்துக்கு இலவச மின்சாரம்; எவ்வளவு ஓடினால் என்ன என்ற எண்ணம்.

அவர் திரும்பி வரும்போது பக்கீர் முகம்மது வரப்பில் காத்திருந்தார். தியாகேசன் மோட்டருக்கு மின்சாரம் வரும் அதே டிரான்ஸ்பார்மர் லைனில் கடைசி வயல் பக்கீருடையது. குத்தகை நிலம்.

"அண்ணே, வோல்டேஜ் இல்ல. என் மோட்டர் உறுமுது, தண்ணி ஏறல. கதிர் பால் பிடிக்கிற நேரம். உங்க வயல் நிரம்பி வடிகால்ல ஓடுது. கொஞ்ச நேரம் நிறுத்துங்களேன்."

"நிறுத்துன நேரத்துல கரண்ட் போயிட்டா என்ன பண்றது பாய்? நான் ஒருத்தன் நிறுத்தி என்ன ஆகப்போவுது?"

மறுநாள் மின்சாரம் வந்ததும் எல்லா மோட்டரும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின. சுமை தாங்காமல் டிரான்ஸ்பார்மர் புகைந்து வெடித்தது.

வேறு டிரான்ஸ்பார்மர் வருவதற்குள் பக்கீரின் கதிரெல்லாம் பதராகிவிட்டது. அறுக்கிற கூலிக்குக்கூடத் தேறாது என்று வயலில் மாட்டை அவிழ்த்துவிட்டார். தன் வீட்டு வாசலிலிருந்து தியாகேசன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ்வேளூர் கூட்டத்துக்குக் கிளம்பலையா?" என்றாள் மனைவி அமிர்தம்.

அவர் பக்கீர் வயலைக் கைகாட்டினார்.

"தோண்டாதேன்னு நீங்க பேசுறது சரிதாங்க. ஆனா நாம வடிகால்ல விட்ட கரண்டும் எங்கயோ தோண்டி, எரிச்சு எடுத்ததுதானே?"

தியாகேசன் மோட்டர் கொட்டகைக்குப் போய் ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றினார். பிறகு பக்கீர் வீட்டுக்கு நடந்தார்.

"பாய், தப்பு என்னுது. இனிமே லைன்ல எல்லாரும் முறை வச்சு ஓட்டுவோம். மொத முறை உங்களுக்கு."

"இப்ப முறை வச்சு எனக்கு என்னண்ணே ஆவும்?" என்றார் பக்கீர். பிறகு, "அடுத்த போகத்துக்காவது வைங்க" என்றார்.

கீழ்வேளூரில் தியாகேசன் கொஞ்சமாகத்தான் பேசினார்.

"நாட்டுக்குத் தொலைநோக்கு வேணும்னு கேக்குறோம். கேக்கத்தான் வேணும். ஆனா நாமளே கரண்டை வீணாக்கினா எந்தத் திட்டமும் பத்தாது. அது இலவசம் இல்லைங்க. எங்க ஊர்ல பாய் ஒருத்தரு தன் பயிரையே அதுக்கு விலையா கொடுத்தாரு. நாளைக்கு நம்ம பிள்ளைங்க கொடுக்கும்."

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர் எழுந்து, தன் மோட்டரை நிறுத்தச் சொல்லி வீட்டுக்கு போன் போட்டார்.